மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 41. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். நானும் கணவரும் உட்கார்ந்து பற்றவைக்கிறோம். பதினாறு வயதிலிருந்து எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை, வீட்டு விலக்கை ஒட்டி வரும். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். சில தடவை வலிக்கு முன்னால், கொலுசின் ஓரத்துப் பல் போலக் கண்ணில் வளைந்து வளைந்து மின்னும். இந்த ஒன்றரை வருடமாக மாதத்தில் 20 நாளாவது தலைவலியோடுதான் விடிகிறது. மருந்துக் கடையில் கொடுக்கும் மாத்திரையை ஏறக்குறைய தினமும் போடுகிறேன். போடாவிட்டால் வேலைக்கு உட்கார முடிவதில்லை. அட்டையின் பின்பக்கம் எர்கோட்டமின், கஃபீன், பாரசிட்டமால் என்று இருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். போன வருடம் சி.டி. ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் சைனஸ் என்றார், இன்னொருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார், கண்ணாடியும் மாற்றினேன். மாமியார் பித்தம் என்கிறார். கணவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஆர்டர் நெருக்கும் நாளில்தான் உனக்கு வலி வருகிறது என்பது போலப் பார்க்கிறார். அக்கா வீடு ஏற்காட்டில். பஸ்ஸில் மேலே போய்ச் சேர்வதற்குள் தலை பிளந்துவிடுகிறது. விரல் நுனிகள் அடிக்கடி மரத்துப்போகின்றன, சில நாள் மூச்சு இளைப்பும் வருகிறது. பட்டறை வேலையால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆடிப் பண்டிகைக்கு விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையும் வருடா வருடம் போடுவது உண்டு. மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மகளுக்கு 14 வயது. அவளுக்கும் இது வருமா?
— ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டி என்ற பயத்தைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். இருபத்தைந்து வருடமாக ஒரே மாதிரி வந்து போகும் வலி, ஒரு பக்கமாக ஆரம்பிப்பது, வாந்தி, தூங்கினால் தணிவது, விலக்கோடு சேர்ந்து வருவது, கண்ணில் மின்னுவது, இவை அனைத்தும் ஒற்றைத் தலைவலி தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகும் அடையாளங்கள். ஸ்கேனும் சரியாக இருக்கிறது. கட்டி இருப்பதற்கான குறி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனாலும் பல வருடம் ஒரு போக்கில் இருந்த தலைவலி தன் போக்கை மாற்றிக்கொண்டால், ஒரு நரம்பியல் மருத்துவர் உங்களை ஒரு முறை நேரில் முழுமையாகப் பார்த்தாக வேண்டும். ரத்த அழுத்தம், ரத்தசோகை, தைராய்டு பார்க்க வேண்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண் நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் சாதாரண ஸ்கேன் அதைக் காட்டாமல் போகலாம். கண் நரம்பு காட்டிக்கொடுத்துவிடும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் இவற்றைச் செய்துகொள்ளலாம்.

இனி நான் உங்களிடம் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள்? அதற்கு முந்தைய வருடம்? நினைவிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒரு நாள், மூன்று நாள், எட்டு நாள், இருபது நாள் என்று அந்தக் கணக்கு ஏறிய அதே பாதையில் உங்கள் தலைவலியும் ஏறியிருக்கும். வலி கூடியதால் மாத்திரை கூடியது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது பாதி உண்மை. ஒரு கட்டத்துக்குப் பிறகு மாத்திரை கூடியதால் வலி கூடத் தொடங்கியிருக்கிறது. வலி மாத்திரை மிகைப்பால் வரும் தலைவலி என்று இதைச் சொல்கிறோம். என்னிடம் வரும் பெண்களில் தலைவலி தினசரி ஆகிவிட்டது என்று அழுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான்.

இதற்கு உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரையறை இருக்கிறது. பாரசிட்டமால், இபுப்ரூஃபன், நாப்ராக்சன் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் இந்தச் சிக்கல் வரும். எர்கோட்டமின், ஒற்றைத் தலைவலிக்கென்றே வந்த டிரிப்டான் வகை, டிரமடால் போன்ற கடும் வலி மாத்திரைகள், பல மருந்து கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். நாள் கணக்குத்தான் இதில் பெரிது. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள். இருபது நாள் பாதிப் பாதியாகப் போட்டாலும் அது இருபது நாள். "நான் தினமும் பாதிதான் போடுகிறேன்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்காக வருடக்கணக்கில் தினமும் வலி மாத்திரை போடுகிற ஒருவருக்கு, முன்பே தலைவலி இல்லாவிட்டால், இப்படிப் புதிதாகத் தலைவலி வருவதில்லை. ஒற்றைத் தலைவலி போன்ற தலைவலிக்கு ஏற்கெனவே பழகிய மூளையில்தான் இது நடக்கிறது. அந்த மூளை வலியை அடக்கும் தன் சொந்த வேலையை மாத்திரையிடம் ஒப்படைத்துவிட்டு, மாத்திரை இறங்கும் நேரத்தில் அதைக் கேட்டுக் கூப்பிடுகிறது. விடியற்காலையில் வலியோடு எழுவது அதனால்தான். இரவெல்லாம் மாத்திரை இல்லாமல் இருந்த உடம்பு அது. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வலித்தது, கடையில் கேட்டீர்கள், கொடுத்தார்கள், கேட்டது. நாள் கணக்கை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

உங்கள் மகள் படித்த அந்த அட்டைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் அவசரமாகவே சொல்கிறேன். எர்கோட்டமின் பழைய மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் குணம் உடையது. எப்போதாவது போட்டால் பலருக்கு வலியைத் தணிக்கும். அடிக்கடி போட்டால் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து விரல்களைச் சில்லிடவும் மரக்கவும் வைக்கும். கவனிக்காமல் விட்டால் திசுவே கெட்டுப்போகலாம். உங்கள் விரல் மரப்புக்கு வேலையும் காரணமாக இருக்கலாம். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் மரக்கும். எது என்று ஒரு மருத்துவர் உங்கள் கையைத் தொட்டு நாடி பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த வாரமே போய்க் காட்டுங்கள், அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ ஆனால் அன்றைக்கே போங்கள். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள், குறிப்பாக எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எர்கோட்டமினோடு சேர்ந்தால் இந்த ஆபத்து பல மடங்காகும். சளிக்கு மருந்து வாங்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள்.

சைனஸ், கழுத்து, கண்ணாடி, பித்தம் என்று நான்கு பெயர்கள் உங்கள் நோய்க்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. நம் ஊரில் ஒற்றைத் தலைவலிக்காரர்களில் பெரும்பாலோர் இந்த நான்கு வாசலிலும் நின்றுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். தலைக்குக் குளித்தால் வலிக்கிறது, மூக்கு அடைக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது, ஆகவே தலையில் நீர் கோத்துக்கொண்டது என்பார்கள். ஒற்றைத் தலைவலியில் தூண்டப்படும் முகநரம்பே மூக்கையும் கண்ணையும் இப்படிச் செய்ய வைக்கும். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சைனஸ் தலைவலி என்று நம்பிக்கொண்டிருந்த ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்துப் பார்த்தபோது 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகைதான். தலைக்கு ஊற்றினால் வலி வருவதும் வெறும் நம்பிக்கை அல்ல. மும்பை மருத்துவர் ரவிசங்கர் இப்படிப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் எழுதியிருக்கிறார். நீளக் கூந்தலை நனைத்து, ஈரத்தோடு முடிந்துகொள்ளும் நம் பெண்களுக்கு இது நன்றாகவே தெரிந்த விஷயம். உங்களுக்கும் அப்படி வருமானால், வெறும் வயிற்றில் தலைக்குக் குளிக்காதீர்கள். உடனே நன்றாக உலர்த்திவிடுங்கள்.

கழுத்து இறுகுவது பல பேருக்கு வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே வரும் முன்னறிவிப்பு. கொட்டாவி, எரிச்சல், இனிப்பு தின்னும் ஆசை ஆகியவையும் அப்படித்தான். நேற்று மைசூர்பாகு தின்றேன், அதனால் வலி என்று நாம் முடிவு கட்டுகிறோம். வலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் மைசூர்பாகைத் தேடியிருப்போம். நாற்பது வயதில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குக் கொஞ்சம் தேய்மானம் தெரியும். அதை வைத்துப் பட்டை மாட்டிவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடி தேவையென்றால் போடுங்கள், அதனால் பார்வை தெளியும். இந்த வலி போகாது.

பித்தம் என்ற சொல்லை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். மாமியார் பார்த்தது உண்மை: குமட்டுகிறது, வாந்தி வருகிறது, வந்ததும் தணிகிறது. ஒற்றைத் தலைவலி வந்ததும் இரைப்பை வேலை செய்வதை மெதுவாக்கிவிடுகிறது. வலி முற்றிய பிறகு விழுங்கும் மாத்திரை அங்கேயே கிடக்கிறது, ரத்தத்தில் சரியாகச் சேர்வதில்லை. ஒன்று கேட்கவில்லையே என்று இரண்டாவதைப் போடுகிறோம். வாந்தியைக் காரணம் என்று நினைத்தது மட்டுமே பிழை. வயிற்றில் தொடங்கும் நோய் அல்ல இது, மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்குவது. சுக்கைத் தேய்த்துப் பற்றுப் போடுவதில் கெடுதல் இல்லை. ஆனால் தோல் பொரியும் அளவுக்குப் போட்டுக்கொண்டு வந்த நெற்றிகளை நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். நெற்றியில் குளிர்ந்த துணி வைப்பது அதைவிட மேல்.

உங்கள் கணவரின் பார்வையைப் பற்றி எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. அவரையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள். கொலுசின் பல் போல மின்னுகிறது என்று நீங்கள் எழுதியதைவிட அழகாக அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கண்ணில் விரிந்த அதே மின்னலை அடிக்கடி தாளில் வரைந்து பார்த்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்கிட்டார். 1944இல் லியாவோ என்ற பிரேசில் விஞ்ஞானி முயல்களின் மூளையில் அப்படி ஊரும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். நரம்புகள் ஒரு கணம் கொதித்து அடங்கி, அந்த அடக்கம் மெல்லப் பரவுகிறது. அதன் பிறகு மூளையைச் சுற்றிய உறையின் நரம்புகளில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு வெளியாகிறது. குழாய்கள் விரிகின்றன, வலி துடிக்கிறது. இதைக் கண்டுபிடித்து வழி சொன்ன நான்கு பேருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான மிகப் பெரிய பரிசு கொடுக்கப்பட்டது. கர்நாடகத்தில் வீடு வீடாகச் சென்று எடுத்த ஆய்வில், ஒரு வருடத்தில் நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. செவ்வாய்ப்பேட்டைத் தெருவிலும் அதற்குக் குறைவாக இருக்காது. சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்து பற்றவைக்கிறவர்கள்தான் அதிகம்.

ஆர்டர் நெருக்கும்போது வலி வருகிறது என்று அவர் கவனித்ததும் சரிதான். காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார். அந்த நாள்களில் நீங்கள் மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளுகிறீர்கள், நடுவில் ஒரு தட்டுவடை செட்டோடு முடித்துக்கொள்கிறீர்கள், இரவு ஒரு மணி வரை சுடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், தண்ணீர் குடிப்பதில்லை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கொலுசு வேலைக்காரர்களின் நாள் எனக்குத் தெரியும். ஒற்றைத் தலைவலி மூளை மாற்றத்தைத் தாங்காத மூளை. பசி, தூக்கம், வெளிச்சம், வெயில் எதிலும் ஏற்ற இறக்கம் கூடாது அதற்கு. எந்த உணவை விட வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்பதே என் பெரிய பத்தியம்.

பட்டறையைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கூட உட்காருகிறவர்களுக்கும் தலை வலிக்கிறதா? வெளியே நடந்து வந்தால் அரை மணியில் தெளிகிறதா? ஆமென்றால் அது வேறு கதை. மூடிய அறையில் நெருப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. மழைக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று மாட்டுங்கள். உங்கள் இளைப்புக்கும் அது நல்லது.

இப்போது மாத்திரையை நிறுத்துவது. உங்கள் அட்டையில் உள்ள வகையைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் நிறுத்தலாம். ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு, அவர் துணையோடு. டிரமடால் கலந்த வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ நீண்ட நாள் போட்டு வருகிறவர்கள் இப்படித் திடீரென்று நிறுத்தக் கூடாது. அவர்களுக்குக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். நிறுத்திய பிறகு வலி கூடும். இதை நான் மறைக்க மாட்டேன். இரண்டு நாளில் இருந்து பத்து நாள் வரை, எர்கோட்டமின் என்றால் ஏறக்குறைய ஒரு வாரம், தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் படபடப்பும் இருக்கும். பலர் நான்காம் நாள் தோற்றுப்போகிறார்கள், பிறகு நம்மால் ஆகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே நாளைத் தேர்ந்தெடுங்கள். கல்யாண முகூர்த்த ஆர்டர்களுக்கு நடுவில் வேண்டாம். பத்து நாள் பட்டறைக்கு உட்காராமல் இருக்க முடிகிற காலமாகப் பார்த்து, கணவரிடமும் மாமியாரிடமும் இந்த நாளில் இருந்து இந்த நாள் வரை என்று சொல்லிவிடுங்கள். அந்த நாள்களுக்குக் குமட்டல் மருந்தும், தேவைப்பட்டால் வேறு வகை மருந்து சில நாளும் மருத்துவர் தருவார். அதைத் தாண்டிவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு வலி நாள்கள் குறைகின்றன. பழைய மாதம் ஒருமுறை வலி திரும்பி வரும். அது வந்தால் வருந்தாதீர்கள், நாம் எதிர்பார்ப்பதே அதைத்தான்.

காப்பியையும் அப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். உங்கள் மாத்திரையில் கஃபீன் இருக்கிறது, டம்ளரிலும் இருக்கிறது. திடீரென்று இரண்டையும் விட்டால் கஃபீன் இல்லாத தலைவலி தனியாக வரும். 1820களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். அந்த மலையின் காலடியில் இருக்கிறவர்களிடம் காப்பியே குடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாளுக்கு இரண்டு டம்ளர், தினமும் அதே நேரம், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். இப்போது ஐந்து குடிக்கிறீர்கள் என்றால் வாரம் ஒன்றாகக் குறையுங்கள்.

வலி வந்தால் போடும் மாத்திரை வேறு, வலி வராமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரை வேறு. உங்களுக்கு இரண்டாவது தேவை, அது இதுவரை யாரும் கொடுக்காதது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் நாள்பட்ட ஒற்றைத் தலைவலி என்று பெயர். நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். தடுப்பு மருந்துகளில் பல வகை உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. புரோபிரனலால் நல்ல மருந்து. ஆனால் இளைப்பு என்ற ஒரு சொல்லை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அது இருப்பவர்களுக்கு ஆகாது. மருத்துவரிடம் அந்தச் சொல்லைக் கட்டாயம் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் இரவில் கொடுப்போம், தூக்கமும் வரும். வாய் உலரும், சிலருக்கு எடை கூடும். ஃபுளுனாரிசின் நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிறது. எடை கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும், கை நடுக்கம் வந்தால் நிறுத்த வேண்டும். டோபிராமேட் எடையைக் குறைக்கும், விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வேண்டாம். இதுவும் வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் கருவுக்குத் தீங்கானவை என்பதால் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். எந்த மருந்தானாலும் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பயனை அளக்க முடியும். பத்து நாளில் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அது நெல் நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் பார்ப்பது போல. வலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே வெற்றி. இவை எதுவும் ஒத்துவராதவர்களுக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை போடும் போட்டுலினம் ஊசியும், சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிகளும் உண்டு. விலை அதிகம். உங்களுக்கு இப்போது அதுவரை போக வேண்டியதில்லை.

வலிக்கான மாத்திரையை நான் முற்றிலும் பிடுங்கவில்லை. பிறகு வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மிகாமல், எதை என்று மருத்துவர் சொல்லி, வலி ஆரம்பித்த உடனே, சரியான அளவில். பொறுத்துப் பார்க்கலாம் என்று மூன்று மணி நேரம் கழித்துப் போடும் மாத்திரை வீண். சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் போன்றவை ஒற்றைத் தலைவலிக்கென்றே வந்தவை. இதயநோய், பக்கவாதம், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் இருந்தால் கூடாது, எர்கோட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் போடவே கூடாது.

ஆடிப் பண்டிகை மாத்திரைக்கு வருகிறேன். இந்த ஒரு பத்தியை மட்டும் தெருவில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் படித்துக் காட்டினால் நன்றி உடையவளாக இருப்பேன். கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதற்கும் குகை வண்டி வேடிக்கை பார்ப்பதற்கும் விலக்கு குறுக்கே வந்துவிடக் கூடாது என்று, யாரையும் கேட்காமல் கடையில் வாங்கிப் போடும் ஹார்மோன் மாத்திரைகள் ரத்தத்தை உறையச் செய்யலாம். மூளையிலிருந்து ரத்தம் வடியும் குழாயில் உறைந்தால் தலைவலிதான் முதல் அறிகுறி. விரதம், வெயில், தண்ணீர் குறைவு எல்லாம் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. வலிக்கு முன் கண்ணில் மின்னல் வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏற்கெனவே கொஞ்சம் அதிகம். நீங்கள் அந்த வகை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை உங்களுக்குக் கூடாது. தள்ளிப்போடும் மாத்திரையையும் மகப்பேறு மருத்துவரிடம் இந்த மின்னலைச் சொல்லிக் கேட்காமல் இனி ஒரு நாளும் போடாதீர்கள். அம்மன் ஒரு வாரம் கழித்துப் போனாலும் ஏற்றுக்கொள்வாள் என்பது என் நம்பிக்கை, நானும் கும்பிடுகிறவள்தான். அப்படிப்பட்ட மாத்திரை போட்ட நாள்களிலோ பிரசவத்துக்குப் பின்னோ புதுவிதமான, நாளுக்கு நாள் ஏறும், படுத்தால் கூடும் தலைவலி வந்தால், சாதாரண ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் விடாதீர்கள். சிரை ரத்தக் குழாய்களைப் பார்க்கும் எம்.ஆர். சோதனை தேவைப்படும்.

நொடியில் இடி விழுந்தது போல வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை மங்குவது, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வரும் தலைவலி. இவற்றில் ஒன்று என்றாலும் கடைக்குப் போகாமல் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஏற்காட்டுக்குப் போகாமல் இருக்காதீர்கள். மலை 1,500 மீட்டர்தான். உயரத்தால் வரும் தலைவலி பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல். உங்களைப் படுத்துவது 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வண்டிக் குமட்டல் சின்ன வயதிலிருந்தே அதிகம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன், முன் வரிசையில் உட்கார்ந்து, செல்போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி போங்கள். காப்பி பூக்கும் நாள்களில் தோட்டத்து மணமே தூண்டிவிடுகிறதா என்றும் கவனியுங்கள். மணம் தாங்காமல் போவது இந்த நோயின் தனிக் குணங்களில் ஒன்று. மாத்திரை நிறுத்தும் அந்தப் பத்து நாளை அக்கா வீட்டில் கழிக்க நினைத்தால் நல்ல யோசனைதான், நிறுத்துவதற்கு இரண்டு நாள் முன்பே ஏறிவிடுங்கள். விரல்களைக் காட்டி மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி. வயதுக்கு வந்த பிறகு பெண்களுக்குத் தொடங்குவதும் வழக்கம். வந்தாலும் அவளுக்கு உங்கள் கதை நேராது, ஏனென்றால் அவள் வீட்டில் இதன் பெயர் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறாள். காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு அனுப்பாதீர்கள், இரவில் நேரத்துக்குத் தூங்கட்டும், தலை வலிக்கிறது என்றால் உங்கள் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுத்துவிடாதீர்கள்.

அவளுக்கு இப்போதைக்கு இரண்டு வேலைகள் கொடுங்கள். அட்டையைத் திருப்பிப் படிக்கத் தோன்றிய பிள்ளை அவள். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் எடுத்து, பின்பக்கம் உள்ள மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், தள்ளிப்போடும் மாத்திரையும் சேர்த்து. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் தலை வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, விலக்கு நாளுக்கு ஒரு புள்ளி என்று இன்றிலிருந்து போடச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது தாளையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர்